சாவியில்லாத வேண்டுதல்

கண்ணகிக்குப் பூட்டுத் திறக்கிற பழக்கம் வந்தது புருஷன் செத்த பிறகுதான்.

சதாசிவம் மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் சிலை கொத்தினவர். கல்தூசி நெஞ்சில் இறங்கி, மூச்சுக்கு மூச்சு விசில் அடித்து, நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அவருடைய உளிப்பெட்டி பூட்டியபடியே கிடந்தது. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சுத்தியலால் ஒரு போடு போட்டால் திறந்துவிடும் என்றான் கொழுந்தன். கண்ணகிக்கு மனசு வரவில்லை. சிலையில் ஒரு சில்லு தப்பாகத் தெறித்தாலே அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிற மனுஷன் அவர். அவர் பெட்டியை எப்படி உடைப்பது?

போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இரண்டு கம்பிகளை வைத்துப் பூட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அவர் பேசிய இங்கிலீஷ் அவளுக்குப் புரியவில்லை. கைகள் புரிந்தன. உடைந்த குடைக் கம்பி ஒன்றைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து நுனியை வளைத்தாள். ரம்பத் துண்டு ஒன்றை மடக்கி இன்னொரு கம்பி செய்தாள். ஒன்று பூட்டை லேசாகத் திருப்பிப் பிடிக்கும். மற்றது உள்ளே போய், சாவியின் பல் தூக்குகிற சின்ன முட்களை ஒவ்வொன்றாகத் தூக்கும். எல்லா முள்ளும் அதனதன் உயரத்துக்கு வந்து நின்றால் பூட்டு தானே விட்டுக்கொடுத்துவிடும். பதினோராம் நாள் திறந்தது. உள்ளே உளிகள் இருந்தன. டாக்டர் கூடாது என்று சொன்ன பிறகு ஒளித்து வைத்த அரைக்கட்டு பீடியும் இருந்தது. கண்ணகி சிரித்தாள். அப்புறம் வெகுநேரம் அழுதாள்.

அதன் பிறகு கை சும்மா இருக்க மறுத்தது. பழைய இரும்புக் கடையில் சாவியில்லாத பூட்டுகளை எடைக்கு வாங்கி வருவாள். சாயங்காலம் டீ ஆறுகிறவரைக்கும் ஒரு பூட்டு. அவள் வேலை பார்த்த ஓட்டலில் யாராவது விருந்தாளி பெட்டிச் சாவியைத் தொலைத்தால் மேனேஜர் அவளைத்தான் கூப்பிடுவார்.

"இன்னாக்கா, ரூம் கிளீன் பண்றதுக்கு பதிலா பேங்கு கிளீன் பண்ணலாமே. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிறேன்" என்பாள் கூட வேலை பார்க்கும் ஜெயப்பிரியா.

"நீ நின்னா போலீஸ்காரனே வந்து பேச்சுக் குடுத்துகினு இருப்பான். போடி."

ஆனால் ஒரு பூட்டை மட்டும் அவள் நினைக்காமலே இருந்தாள். அது செங்கல்பட்டுச் சாலையில், ஏரியோரத்து முனீஸ்வரன் கோயில் கம்பித் தடுப்பில் தொங்கியது. அங்கே வேண்டுதல் வைப்பவர்கள் பெயரைச் சொல்லிப் பூட்டுப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். காரியம் நடந்தால் வந்து திறந்து, பூட்டும் சாவியுமாக உண்டியலில் போடுவார்கள். சதாசிவத்துக்கு மூச்சு சீராக வேண்டும் என்று நாலு வருஷம் முன்னால் அவளும் போட்டாள், கோயில் வாசல் கடையில் புதுசாக வாங்கி. பூட்டுப் போட்ட ஏழாம் மாசம் அவர் அஸ்தியைக் கடலில் கரைக்கும்போது அந்தச் சாவியையும் சேர்த்து விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை.

போன வாரம் கோயிலிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தடுப்பு துருப்பிடித்துவிட்டது, பக்கத்திலேயே புதுசு போட்டாயிற்று. வேண்டுதல் பாக்கி உள்ளவர்கள் சாவியோடு வந்து பூட்டை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை மூன்று மணிக்கு மேல் மீதியை மிஷின் வைத்து அறுத்து இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

அவர் பெயரைச் சொல்லிப் போட்ட பூட்டு மூட்டையோடு மூட்டையாகப் போவதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதைத் தன் கையால் திறக்க வேண்டும். 'நடக்கலை சாமி, போகட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு, ஜெயப்பிரியாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். பையில் ஐந்து கம்பிகள் இருந்தன.

போய்ச் சேரும்போது மணி ஒன்றே கால். பூசாரியிடம் சாவி இல்லை என்று சொன்னாள். பையிலிருந்து வெளியே வந்த கம்பிகளை அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

"உன்னுதுன்னா எடுத்துக்கோம்மா. அடுத்தவங்களுது மேல கை வைக்காத."

நானூறு பூட்டு இருக்கும். எல்லாம் ஒரே துரு நிறம். அவள் போட்ட இடம் நினைவிருந்தது. இடது மூலை, மூன்றாவது கம்பி, அடியில். மஞ்சள் துணி சுற்றியிருந்தாள், துணி எப்போதோ மக்கிப் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரே அளவில் மூன்று பூட்டுகள் தொங்கின.

"யக்கா, இதுல உன்னுது எது?" என்று கேட்டாள் ஜெயப்பிரியா.

"இதான்" என்று நடுவில் இருந்ததைப் பிடித்தாள்.

கம்பி சுலபமாக உள்ளே போனது. முட்கள் வழவழவென்று, நுனி மழுங்கி, தொட்டதும் எழுந்தன. கண்ணகிக்கு ஒரு நொடி கை தயங்கியது. சும்மா தொங்குகிற பூட்டு துருப்பிடிக்கும், தேயாது. காலையும் மாலையும் வருஷக்கணக்கில் சாவி போய் வந்தால்தான் முள் இப்படித் தேயும். இது அவளுக்குத் தெரியாததில்லை. வேறு எந்தப் பூட்டாக இருந்தாலும் அங்கேயே நிறுத்தியிருப்பாள். ஆனால் இது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பூட்டு வாயைத் திறந்தது.

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொன்னாள். ஜெயப்பிரியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"யம்மா, அது என்னுதாச்சே!"

பின்னால் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயசு இருக்கும். கையில் பல் தேய்ந்துபோன தட்டைச் சாவி. வேண்டா என்று பெயர், பூசாரிக்கு அவளைத் தெரிந்திருந்தது. "வா வேண்டா, உனக்காகத்தான் புதுக் கம்பியில எடம் வச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கண்ணகியின் கையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என் வூட்டுப் பூட்டும்மா அது" என்றாள் வேண்டா. "ரஞ்சித்து கோச்சிகினு போனான் இல்ல, எம் புள்ள. ரெண்டு வருசமாச்சு. அவன் வந்து நிக்கறப்ப கதவு பூட்டிக் கீதுன்னு திரும்பிடக் கூடாது பாரு. அதான் வூட்டுப் பூட்டையே கொண்டாந்து சாமிகிட்ட போட்டேன். அன்னிலேர்ந்து வூட்டைப் பூட்டறதில்ல."

அவள் பூட்டை உற்றுப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

"தொறந்து கீதே. சாவி எங்கிட்டதான கீது. தானா தொறந்துகிச்சா?" பூசாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சாமி, தானா தொறந்துகிச்சுன்னா... வந்துகினு கீறானா? வந்துட்டானா?"

ஜெயப்பிரியா கண்ணகியின் முழங்கையை அழுத்தினாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்த அம்மாள் இப்படியே பஸ் ஏறிப் போய், பிள்ளைக்கு உலை வைத்துவிடுவாள். வைத்துவிட்டு எத்தனை நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? நாலு வருஷம் முன்னால் கண்ணகிக்கும் ஒரு டாக்டர் அப்படித்தான் நல்ல வார்த்தை சொல்லியனுப்பினார்.

"நான்தாம்மா தொறந்தேன்" என்றாள் கண்ணகி. "கம்பி போட்டுத் தொறந்தேன். என் வூட்டுக்காரருக்குப் போட்டதுன்னு நெனச்சிட்டேன். தப்பு பண்ணிட்டேன்."

வேண்டா கம்பிகளைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். திட்டவில்லை. கண்ணகியின் கையிலிருந்து பூட்டை வாங்கி, முந்தானையால் துடைத்து, புதுக் கம்பியில் மாட்டி, மகன் பெயரைச் சொல்லிப் பூட்டினாள். மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இவ்ளோ சுளுவா தொறக்குமா அது?"

"தேஞ்சி போச்சும்மா."

"இருவது வருசம் இத நம்பித்தான் வூட்டைப் போட்டுட்டு வேலைக்குப் போனேன்" என்றாள். அப்புறம், "உன் வூட்டுக்காரரு?"

"போயிட்டாரும்மா."

வேண்டா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "சரி, உன்னுதைத் தேடு. மணி ஆவுது பாரு."

அவள் போய்விட்டாள்.

வலது பக்கத்துப் பூட்டில் கம்பி பாதிதான் போனது. இடது பக்கத்தில் இருந்ததைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. முட்கள் கூர்மையாக, ஒரே ஒரு தடவை மட்டும் சாவியைப் பார்த்தவையாக இருந்தன. விளக்கிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எடுத்து விட்டாள். முதல் முள் அசைந்தது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது எழுந்தன. கடைசி முள் துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தது. கம்பி வளைந்தது. வேறு கம்பி எடுத்தாள், அதுவும் வளைந்தது. மறுபடி எண்ணெய் விட்டாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

மூன்று மணிக்கு மிஷின்காரன் வந்து வலது கோடியிலிருந்து ஆரம்பித்தான். பூட்டுகள் ஒவ்வொன்றாக மண்ணில் விழுந்தன. கண்ணகி விடாமல் குடைந்தாள். ஐந்தாவது கம்பியும் உடைந்து, நுனி பூட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நவுருக்கா, பொறி பட்டுடும்" என்றான் மிஷின்காரன், அவள் பக்கத்தில் வந்து.

"இது எங்களுதுப்பா. கொஞ்சம் பாத்து..."

"பாத்துன்னா? அறுக்கத்தான் அறுப்பேன். நீ புடிச்சுக்கோ, கீழ வுழாது."

அவள் பூட்டை முந்தானையில் சுற்றிப் பிடித்தாள். வளையத்தில் சக்கரம் பட்டது. பொறி பறந்தது. சொல்ல வைத்திருந்த வார்த்தையைச் சொன்னாளா இல்லையா என்று அந்தச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. சட்டென்று பாரம் முழுவதும் கைக்கு வந்தது. துணியையும் மீறிச் சுட்டது. தாங்க முடியாமல் மண்ணில் போட்டுவிட்டாள்.

மிஷின்காரன் அடுத்த கம்பிக்குப் போய்விட்டான். பூட்டு எப்போது ஆறும் என்று பார்த்துக்கொண்டு, கண்ணகி வெயிலில் நின்றாள்.