வாழையிலைக் கட்டோடு வந்தார்கள்

போன வருடம் ஆனி மாதக் கடைசி. எம். புதுப்பட்டிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டில், கழுத்தில் ஒரு மஞ்சப்பையை மாட்டிக்கொண்டு நான் கூனிக் கூனி நடந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது.

பையில் என்ன இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள். மார்பிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வரும் மெல்லிய குழாய்கள் அவற்றில்தான் போய் முடியும். உள்ளே கசிகிற நீரும் ரத்தமும் அதில் சேரும். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் புற்றுநோய்க்காக என் இடது மார்பகத்தை முழுவதுமாக எடுத்திருந்தார்கள். இப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையில், என் வயிற்றுச் சதையை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்து, புதிதாக ஒன்றை உருவாக்கி அனுப்பியிருந்தார்கள். வயிற்றுத் தோலை இழுத்துத் தைத்திருந்ததால் நிமிர முடியாது. கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறவள் மாதிரிதான் நடப்பேன்.

எனக்குப் புற்றுநோய் வந்த கதை ஊரில் ஒருவருக்கும் தெரியாது. முதல் சிகிச்சையில் முடி கொட்டியபோது, இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு முடி இறக்கியதாகச் சொல்லிவிட்டோம். (அம்மனிடம் அப்புறம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.) இவ்வளவு ஒளிவுமறைவு எதற்கு என்றால், எங்களுக்குக் கல்லூரியில் படிக்கிற ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு வரன் பேசும்போது, "அவுக அம்மாவுக்கு இருந்துச்சாமே" என்று யாராவது ஒருவர் இழுத்தால் போதும். அதனால், இதை வெளியே மூச்சு விடக்கூடாது என்று என் கணவரிடம் மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தேன்.

இரண்டாவது ஆபரேஷன் வேண்டும் என்றது நான்தான். பஞ்சு வைத்துத் தைத்த உள்ளாடையோடு ஒரு பெண் எத்தனை நாள் ஓட்டுவாள்? கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் குனிந்தால் அது மேலே ஏறிக்கொள்ளும். மாராப்பு அந்தப் பக்கம் நிற்காமல் சரியும். எங்கே போனாலும் ஒரு கை அதைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். "எனக்காக இதெல்லாம் வேண்டாம்" என்று என் கணவர் சொன்னார். உங்களுக்காக யார் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று கேட்டேன். அதோடு பேச்சு முடிந்தது.

மருத்துவமனையில் என் அறைக்கு ஏசி போடவில்லை, மின்விசிறியும் சுற்றவில்லை. புதுச் சதை குளிர்ந்துவிடக் கூடாதாம். ஒரு சின்னக் கருவியை அதன்மேல் வைத்து அடிக்கடி ரத்த ஓட்டத்தைக் கேட்பார்கள். உஸ் உஸ் என்று சத்தம் வந்தால் சதை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் வரும்வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். கிளம்பும்போது, இந்த இடத்தில் உணர்ச்சி திரும்புமா என்று டாக்டரிடம் கேட்டேன். சிலருக்குக் கொஞ்சம் வரும், சிலருக்கு வராமலே போகலாம், அங்கே வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சுட்டாலும் தெரியாது என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு தெருக்காரர்களிடம் வயிற்றில் ஒரு ஆபரேஷன் என்று மட்டும் சொன்னோம். நான் நடக்கிற நடையைப் பார்த்தால் அதை யாரும் நம்புவார்கள் என்று நினைத்தேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே பொழுதைப் போக்கினேன். தெரு அமைதியாக இருந்தது. சாதாரணமாக எங்கள் வாசலில்தான் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும். பந்து எங்கள் கேட்டில் அடிக்காத நாளே கிடையாது. இப்போது ஒரு சத்தம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் சுவரை ஒட்டி விறகு அடுப்பு வைத்திருந்தாள். எனக்குப் புகை ஆகாது என்று அதைப் பின்பக்கம் மாற்றிவிட்டாள் போல. பால்காரர்கூட மணியடித்து எழுப்பாமல் கேட்டிலேயே பால் பாக்கெட்டை மாட்டிவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "நம்ம தெருக்காரவுக எம்புட்டு நல்லவுக, பாத்தீகளா?" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றார்.

என் கணவர் சின்னதாக ஒரு பட்டாசுத் தொழிற்சாலை நடத்துகிறார். எங்கள் பக்கம் அதை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் லீவு நாள். அவர் ஏதோ வேலையாக வெளியே போயிருந்தார். எங்கள் ஆபீஸில் வெடிக்குத் திரி வைக்கும் இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் என் வயதுக்காரர், என் கல்யாணத்தின்போதே அங்கே வேலையில் இருந்தவர். இன்னொருத்தி இளையவள், அவள்தான் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்.

இரண்டு பேரில் பெரியவர் கையில் சேலைத் தலைப்பால் மூடிய ஒரு கட்டு. பிரித்தால் வாழைக் குருத்திலைகள், பச்சையாக, பனித்துளி காயாமல். விருந்துக்குப் போதுமான அளவு இருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கு வீட்டில் விசேஷம் எதுவும் இல்லையே என்றேன்.

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விளக்கெண்ணெயத் தடவி இதுல படுத்துக்கோங்கம்மா. புண்ணுல ஒட்டாது" என்றார்.

தீப்பட்ட உடம்பைத்தான் எங்கள் ஊரில் வாழையிலையில் கிடத்துவார்கள். அது தெரிந்திருந்தும் எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர்தான் ஒவ்வொன்றாகச் சொன்னார். விஸ்வநத்தம் ஊர்க்காரர் ஒருவர், தீக்காயம் பட்ட தன் தம்பியைப் பார்க்க மதுரைக்குப் போயிருக்கிறார். அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி வார்டு வாசலில் என் கணவர் நிற்பதைப் பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். மற்ற ஊர்களில் பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் நடிகைகள் மூக்கைத் திருத்திக்கொள்வது என்று நினைப்பார்கள். எங்களுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே கருகிய வாசனைதான் வரும்.

நான் ஆபீஸ் பக்கம் போகிறவள் இல்லை. அப்படியானால் தீ பிடித்தது வீட்டில்தான். வீட்டில் தீ பிடித்ததென்றால் திருட்டுத்தனமாக வீட்டிலேயே பட்டாசு செய்திருக்கிறோம். ஊர் கணக்குப் போட்டுவிட்டது. யாரோ பெட்டிஷனும் அனுப்பியிருந்தார்கள். மறுநாள் விசாரிக்க ஆட்கள் வருவதாகவும், ஆபீஸுக்குச் சீல் வைத்துவிட்டால் இந்த சீசனே போய்விடும் என்றும் பேச்சாம். தீபாவளி சீசன் போனால் அந்தப் பெண்களுக்கு வருடமே போனது மாதிரி.

"நாங்க எல்லாரும் பேசி வச்சிருக்கோம்மா. யாரு வந்து கேட்டாலும் அடுப்புல சேலை பத்திக்கிருச்சுன்னுதான் சொல்லுவோம். நீங்க பயப்படாதீக" என்றார் பெரியவர்.

எனக்காகப் பொய் சொல்ல ஒரு ஆபீஸே தயாராக இருந்தது. அதுவரை வாயே திறக்காத இளையவள், என் முகத்தைப் பார்க்காமல், "எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லிருங்கக்கா. உள்ள மருந்து எதும் இருக்கா? பிள்ளைகள வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள்.

மருந்து என்று அவள் சொன்னது வெடிமருந்தை. அப்போதுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. பிள்ளைகள் எங்கள் வாசலுக்கு வராதது, அடுப்பு பின்பக்கம் போனது, பால்காரர் கேட்டோடு திரும்பியது எதுவும் என்மேல் வைத்த கரிசனம் இல்லை. எங்கள் வீடு எப்போது வெடிக்குமோ என்ற பயம். நான் அதைப் போய் நல்ல மனசு என்று கொண்டாடிக்கொண்டிருந்திருக்கிறேன். என் கணவருக்கும் இது தெரியும். தெரிந்துதான் சுவரைப் பார்த்து "ம்" என்றிருக்கிறார். மகள் தலையில் அடித்துச் செய்த சத்தியத்துக்காக, ஊர் முழுக்கத் தன்னைத் திருடன் என்று பேசவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

முதலில் அவர்மேல் கோபம்தான் வந்தது. அடுத்து அழுகை வந்தது. அழுதால் தையல் இழுக்கும் என்று அடக்கிக்கொண்டேன். மகள் முகம் கண்முன் வந்து போனது. வரன், சம்பந்தம், ஊர் வாய் எல்லாமும் வந்து போயின. ஆனால் எதிரே ஒரு தாய், தன் பிள்ளைகள் பிழைக்குமா என்று என்னைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இவளிடம் எப்படி மழுப்புவது? மஞ்சப்பையிலிருந்து பாட்டில்களை வெளியே எடுத்து மடியில் வைத்தேன்.

"தீயும் இல்ல, மருந்தும் இல்ல. எனக்கு மாருல கேன்சர் வந்து ஒண்ண எடுத்துட்டாக. ரெண்டு வருசமாச்சு. இப்ப வயித்துல இருந்து சதைய எடுத்து அங்கன வச்சுத் தச்சிருக்காக. அதைச் செய்யிறதும் அதே வார்டுதான்."

குழாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று இளையவள் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்தாள். பெரியவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் பாதத்தின்மேல் கையை வைத்தார்.

"ரெண்டு வருசமா இதைத் தனியாவா வச்சிருந்தீக?"

வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. தையல் இழுத்தால் இழுக்கட்டும் என்று அழுதேன். அவர்களும் அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்து இளையவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே வயிற்றிலிருந்தா எடுத்தார்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெரியவர் தன் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு பேருக்கு ஆகுற மாதிரி குடுத்திருப்பேனே" என்றார். சிரிப்பை அடக்க வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அழுததைவிடச் சிரித்ததுதான் அதிகம் வலித்தது.

சொல்லி முடித்தவுடன் நிமிர்ந்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். தையல் விடவில்லை. கூனியபடியேதான் அவர்களை வாசல்வரை போய் வழியனுப்பினேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டேன். அன்று சாயங்காலம் கேட்டில் டொம்மென்று ஒரு பந்து வந்து மோதியது.

அன்றைக்கு வலி மாத்திரை போட்டுக்கொண்டு சீக்கிரமே தூங்கிவிட்டதால் என் கணவரிடம் எதையும் சொல்ல முடியவில்லை. அவரும் மறுநாள் ஆட்கள் வரப்போவதை என்னிடம் சொல்லவில்லை. காலையில் ஆபீஸுக்குப் போகாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஜீப் வந்து நின்றது. ஒரு அதிகாரி, உடன் இரண்டு பேர், ஒரு பெண் போலீஸ். நான் ஜன்னலோரம் வந்து நின்றேன். வீட்டில் யாருக்குத் தீக்காயம் என்று அந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். என் கணவர் பதில் சொல்லாமல் நின்றார்.

அதற்குள் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு இளையவள், எதிர்வீட்டுக்காரர், எனக்கு முகம் மட்டுமே பழக்கமான இன்னும் சிலர். இளையவள்தான் கேட்டாள், அதுவும் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி.

"தீக்காயமுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? அந்த அக்காவுக்கு மாருல கேன்சருங்க. ஒண்ண எடுத்துட்டு, வயித்துச் சதைய வச்சுப் புதுசா செஞ்சிருக்காக. மதுரையில போயி கேட்டுப் பாருங்க."

ஆபரேஷன் எத்தனை மணி நேரம் பிடித்திருக்கும் என்று இன்னொருவர் தன் ஊகத்தையும் சேர்த்துச் சொன்னார். இரண்டு வருடமாக என் நாக்கில் வராத வார்த்தையை, ரேஷன் கடையில் அரிசி போடுகிற சேதி மாதிரி ஆளாளுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அதிகாரி பாவம், தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண் போலீஸ் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தார். கடமைக்கு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். அரிசி மூட்டையையும் மிக்ஸியையும் தவிர ஒன்றும் கிடைக்காமல், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜீப் கிளம்பியதுதான் தாமதம், என் கணவர் உள்ளே ஓடி வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"சத்தியமா நான் யாருட்டயும் சொல்லல" என்றார்.

"தெரியும். நான்தான் சொன்னேன்."

கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஜெயிலில் போட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டீர்களா என்று கேட்டேன். துண்டை எடுக்காமலே, "அங்கன வந்து நீயே சொல்லிருப்ப" என்றார்.

அன்று மத்தியானம் அந்தக் குருத்திலைகளில் இரண்டை விரித்துச் சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு மகளுக்குப் போன் செய்து, ஊருக்கே தெரிந்துவிட்டது என்றேன். "அப்பாடா" என்றாள்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இப்போது நிமிர்ந்து நடக்கிறேன், மாராப்பும் நிற்கிறது. டாக்டர் சொன்னபடி அந்தப் பக்கத்தில் உணர்ச்சி மட்டும் இன்னும் திரும்பவில்லை, கிள்ளினாலும் தெரியாது. ஆனால் ஊர்ப் பேச்சை உண்மையென்று நம்பி, எனக்காக ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு, வாழையிலைக் கட்டோடு என் வாசலில் வந்து நின்ற அந்த இரண்டு பேரை நினைக்கும்போதெல்லாம், சரியாக அந்த இடத்தில்தான் எனக்கு வலிக்கிறது.