மாப்பிள்ளை பார்க்க மலையேறினோம்

எங்கள் தெருவில் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார்தான் வருவார்கள். பெண்ணையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை இருக்கிற ஊரைப் பார்க்கப் போன குடும்பம், எனக்குத் தெரிந்து ஆரணியிலேயே எங்களுடையது ஒன்றுதான். எழுபதுகளின் கடைசியில் அது சாதாரண விஷயமில்லை. வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று, படவேட்டு அம்மனுக்கு வேண்டுதல் என்று தெருவில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பொய்யை மெய்யாக்குவதற்காக அம்மா ஒரு தேங்காயும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டாள்.

எல்லாம் அக்காவால் வந்த வினை. மாப்பிள்ளை எங்கள் சாதிசனம்தான், பக்கத்துத் தெருவில் பட்டு நெய்கிற வீட்டுப் பையன். படித்து வாத்தியாராகி, ஜவ்வாது மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையில் இருந்தார். குணம் தங்கம், சர்க்கார் சம்பளம், குடிப்பழக்கம் இல்லை. மலை ஒன்றுதான் குறை. அம்மா, "புலிக்கும் கரடிக்கும் சோறு பொங்கிப் போடவா பொண்ண வளத்தேன்?" என்று ஒப்பாரி வைத்தாள். நைனா, எங்கள் அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா மட்டும், "எடத்த பாத்துட்டு சொல்றேன்" என்றாள். எதையுமே கேட்டிராதவள் ஒன்று கேட்டால் மறுப்பது கஷ்டம்.

அக்கா பத்து வயதிலிருந்து நைனாவோடு தறியில் உட்கார்ந்தவள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஒருவரால் நெய்ய முடியாது. நைனா உடலுக்கு நாடா, அதாவது ஊடுநூல் ஓடுகிற கட்டை, எறிவார். பக்கத்தில் உட்கார்ந்து அக்கா கரைக்கு எறிவாள். இரண்டு பேர் காலும் தறிக் குழிக்குள் தொங்கும். தங்கச்சி நான் பத்தாவது ஃபெயிலாகி வீட்டில் இருந்தும், தறிப் பக்கம் போகாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். "இடுப்பு வலிக்குது", "கண்ணு எரியுது" என்று எனக்கு ஆயிரம் நோய்கள். அக்கா ஒருநாளும் என்னை அழைத்ததில்லை. அவள் மொட்டைமாடிக்கு வருவது, சாயம் ஏற்றிய பட்டு நூல் கழிகளைக் காயப்போட மட்டும்தான். அப்போது மேற்கே தெரிகிற அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

போளூரில் பஸ் மாறி மலை பஸ்ஸில் ஏறினோம். கூட ஆடுகள், காலிக் கூடைகள், சந்தைக்குப் போய்த் திரும்புகிற மலை ஜனங்கள். வளைவுகள் தொடங்கியதும் அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எல்லா அம்மன்களையும் வரிசையாகக் கூப்பிட்டாள். நான் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பஸ் திரும்பியபோது ஜன்னலுக்கு வெளியே தரையே இல்லை. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, முடிவே தெரியவில்லை. ஆரணியிலிருந்து பார்த்து ஒரே ஒரு மலை என்று நாங்கள் நினைத்திருந்தது வெறும் முன்வாசல். நான் வாயடைத்துப் போனேன். எனக்கு வாயடைப்பது எவ்வளவு அபூர்வம் என்பதை எங்கள் தெருவைக் கேட்டால் சொல்லும்.

பஸ் நின்ற இடத்தில் மாப்பிள்ளை காத்திருந்தார். கழுத்தில் மஃப்ளர், கையில் குடை, மூக்கில் ஜலதோஷம். நனைந்த ஒற்றையடிப் பாதையில் எங்களைக் கூட்டிப்போனார். ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாதையோரத்தில் தண்ணீர் தானாகவே பாறையிலிருந்து வழிந்தது. எங்கள் தெருக்குழாயில் குடத்தோடு சண்டை போட்டு வளர்ந்த எனக்கு, அவ்வளவு தண்ணீர் கேட்பாரில்லாமல் ஓடுவதைப் பார்க்கக் கோபமே வந்தது.

ஊர் எல்லையில் மாப்பிள்ளை நின்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "ஊருக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்க" என்றார். அதற்குள் கோயில் எங்கே என்று அம்மா தேடினாள். கோயில் இல்லை. அவர்களுக்கு ஊரே கோயில் மாதிரி. அம்மா சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டதைப் பார்த்தேன்.

பத்திருபது குடிசைகள்தான் இருக்கும். மண்சுவரை மூடிக்கொண்டு புல்கூரை கிட்டத்தட்ட தரையைத் தொட்டது. யாராக இருந்தாலும் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். சாணம் மெழுகிய வாசல் எங்கள் வீட்டு வாசலைவிடச் சுத்தம். கல் மேல் உயர்த்தி வைத்த தானியக் குதிர்கள், ஒவ்வொன்றும் ஒரு குட்டி வீடு. எந்தக் கதவிலும் பூட்டைக் காணோம். மாப்பிள்ளைக்குச் சாப்பாடு போடுகிற வீட்டில்தான் எங்களுக்குத் தங்கல். அந்த வீட்டு அம்மாள் கால் கழுவ வெந்நீர் கொண்டுவந்தாள். பிறகு சாமைச் சோறும், அவரைக்கொட்டைக் குழம்பும், ஒரு இலையில் தேனும் வைத்தாள். நான் வெட்கமில்லாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

பேச்சுவாக்கில் அந்த அம்மாள், "நாங்களும் கீழருந்து வந்தவங்கதான். எங்க பாட்டன் பூட்டன்லாம் காஞ்சிபுரம்" என்றாள். அவ்வளவுதான், அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆரணியில் நெய்த சேலையைக் காஞ்சிபுரம் என்று சொல்லி விற்கிறார்கள் என்பது அவளுடைய ஆயுட்காலக் குறை. "இங்கியும் காஞ்சிபுரமா!" என்று என் காதில் முணுமுணுத்தாள். நைனா சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

கீழே போகிற பஸ் காலையில்தான் என்பதால் அன்றைக்கு அங்கேயே படுத்தோம். அடுப்பைச் சுற்றி, கம்பளிக்குள். அக்கா பதிலை விடிந்ததும் சொல்ல வேண்டும் என்று பேச்சு.

விடியற்காலையில்தான் அது நடந்தது. கூரைமேல் சொட்டுச் சொட்டாகச் சத்தம். எங்கள் தெருவில் பாவு விரிக்கிற வேலை விடியற்காலையில்தான். ஒரு சேலைக்கோ இரண்டு சேலைக்கோ உண்டான நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அதன்மேல் மழை பட்டால் இழையெல்லாம் ஒட்டிக்கொண்டு மொத்தமும் பாழ். அதனால் ஒரு தூறல் விழுந்தாலும் யாராவது ஒருவர் கத்துவார், தெருவே எழுந்து ஓடும். யார் வீட்டுப் பாவு என்றெல்லாம் பார்ப்பதில்லை.

"மழை! மழை! பாவ சுருட்டுங்க, ஜல்தி!" என்று அம்மா தூக்கத்திலேயே அலறினாள். நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே பாய்ந்தார். தறிப் பக்கமே போகாத நான்கூட எழுந்து ஓடினேன் என்றால் பாருங்கள். தாழ்வான வாசலில் நாலு தலையும் இடித்துக்கொண்டு வெளியே விழுந்தோம்.

மழையும் இல்லை, பாவும் இல்லை. மரங்களில் தங்கிய பனி கூரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

எதிரே உலகம் இல்லை. முந்தின நாள் நாங்கள் ஏறிவந்த பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் நிரம்பிக் கிடந்தது, எங்கள் காலடிக்குக் கீழே. மேகத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். குனிந்து பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை. மலை உச்சிகள் மட்டும் அங்கங்கே தலை நீட்டியிருந்தன. பிறகு கிழக்கே வெளிச்சம் வந்தது. அந்த வெள்ளை முழுவதும் மெதுவாக நிறம் மாறியது. அது என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. ஆயிரம் சாயம் பார்த்த நைனாவே, "இன்னா கலருடா இது" என்று தனக்குத்தானே சொன்னார். எனக்கு ஏதோ ஒரு பெரிய வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டவள்போல் பயமாகவும் இருந்தது, வெளியே போகவும் மனசில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எந்த அம்மன் பேரையும் சொல்லவில்லை.

அக்கா எங்களைவிட நாலடி முன்னால் போய் நின்றிருந்தாள். நிமிர்ந்து, கையைத் தொங்கவிட்டு. அவள் முதுகு அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை.

சத்தம் கேட்டுப் பதறிக்கொண்டு மாப்பிள்ளை குடையோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். எங்களைச் சந்தோஷப்படுத்த நினைத்தாரோ என்னவோ, உள்ளே ஒளித்து வைத்திருந்த நல்ல செய்தியை அங்கேயே எடுத்துவிட்டார். "நீங்க ஒண்ணும் கவலப்பட வேணாங்க. மாத்தலுக்கு எழுதிப் போட்டிருந்தேன், ஆரணி பக்கமே கெடைச்சிடும்னு சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கப்புறம் இங்க இருக்க வேண்டியதே இல்ல."

அம்மா முகம் மலர்ந்து போனது. "நம்ம தெருவுக்கு அடுத்த தெரு! நெனச்சா வந்துட்டு போலாம். தறிக்கும் பகல்ல வந்து ஒக்காந்துக்கலாம்!" என்று நைனாவைப் பார்த்தாள். நைனாவின் முகத்தில் இருந்ததும் சந்தோஷம்தான். அவருக்குக் கரை எறிய வேறு ஆள் கிடையாது. இரண்டு பேர் கை ஒரே அளவில் பழக எத்தனை வருஷம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அக்கா திரும்பினாள்.  கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டால் குழந்தைக்கு வருகிற முகம் அவளுக்கு. மாப்பிள்ளையோடு நேராகப் பேசுகிற வழக்கம் இல்லை என்பதால் நைனாவிடம்தான் சொன்னாள்.

"மாத்தல் வேணாம்னா எனக்கு சம்மதம்னு சொல்லு நைனா. ஆரணிக்கே வர்றதா இருந்தா வேணாம்."

"இன்னாடி பேசற!" என்று அம்மா பதறினாள். "மாத்தல் கெடைக்கறது எவ்ளோ பேஜாரு தெரியுமா?"

மாப்பிள்ளை திகைத்துப்போய், "இங்க இன்னாங்க இருக்குது? ஒரே குளுரு. நான் ஜன்னலயே தொறக்கறதில்ல" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. மூன்று வருஷம் அங்கே இருந்த மனிதர். பாவம், அப்போதுதான் அக்கா பார்த்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். மஃப்ளர் அவிழ்ந்து தொங்கியது, அதைச் சரிசெய்துகொள்ளவில்லை.

 எல்லோரும் நைனாவுக்காகக் காத்திருந்தோம். அவர் ஒரு வார்த்தை "வேண்டாம்" என்றால் அக்கா தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நைனா அந்த மேகத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"இவ சின்னதுலருந்து என்கூட குழியில கால வுட்டுகினு ஒக்காந்துகினு இருந்தா தம்பி," என்றார். "ஒரு நாளும் வலிக்குதுன்னு சொன்னதில்ல. நான் கேட்டதும் இல்ல. அவ மேலயே இருக்கட்டும். உங்களால முடியும்னா சொல்லுங்க."

மாப்பிள்ளை மேகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "வேணாம்னு எழுதிக் குடுத்துடறங்க" என்றார்.

அக்கா அழுதாள். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, அம்மாவாயிற்றே, அழுகைக்கு நடுவிலேயே கேட்டாள்: "அப்போ கரைக்கு யாரு ஒக்காருவாங்க?"

நைனா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், என் பதில் தன்னால் வந்ததாக இருக்கக் கூடாது என்று. நான் நைனா பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் ஒக்கார்றேன் நைனா" என்றேன்.