இரண்டு பேருக்கு ஒரு நிரை

புதுத்துணியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசம்தான் எனக்கு அம்மாவின் வாசம். நமுனுகுல மலையடியில் இருந்த எங்கள் லயத்து வரிசை வீட்டிலிருந்து பதுளைப் பக்கத்துப் பெரிய 'காமன்ட்' ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு அவள் தைக்கப் போனபோது, தேயிலைத் தோட்டத்து வேலைப் பதிவில் 'பேரை வெட்டிக்கொண்டு', தான் கொழுந்து பறித்துவந்த செழிப்பான செடி வரிசையை, அந்த நிரையைத் தன் தங்கச்சிக்கு, அதாவது என் சித்திக்கு, விட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள். இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகிறாள் என்று லயமே சிரித்தது. சம்பளம் வரத் தொடங்கியதும் சிரித்த வாய்களே தங்கள் மகள்களையும் அனுப்பி வைத்தன.

ஒரு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் பூட்டிய கேட்டைத்தான் கண்டார்கள். வெளிநாட்டு ஓடர் நின்றதென்று கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்களாம். அம்மா கல்லெறிந்து ஜன்னலை உடைத்து, பொலிஸ்காரன் பொல்லால் அடித்து வீங்கிய தோளோடு வீடு வந்தாள். பேர் வெட்டிப் போன பெண்கள் எல்லோரும் மறுவாரமே வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் வந்து நின்றார்கள். தோட்டத்தில் அத்தனை பேருக்கு வேலை ஏது? கணக்கப்பிள்ளை கையை விரித்தார்.

ஒருத்தி வழக்கமாகப் பறிக்கும் நிரையானாலும், எங்கள் மலையில் 'பொலி' என்று மங்கலச் சொல் சொல்லி முதல் செடியில் கை வைப்பவளுக்கே அன்று அந்த நிரை. பேர் வெட்டியவளுக்கு அது செல்லாது. தெரிந்தும் அம்மா எல்லோருக்கும் முந்திப் போய்த் தன் பழைய நிரையில் பொலி சொல்லிக் கை வைத்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை அந்த வழிதான். என் கண்ணாலேயே பார்த்தேன்.

"அது என் நெரை அக்கா. எறங்கிப் போயிரு," என்றாள் பின்னால் வந்த சித்தி.

"நான் குடுத்த நெரைதானேடி. எம்புள்ளைக்கு நீயா சோறு போடுவ?"

சித்தி அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். செடிகளின் மட்டம் பார்க்கும் 'மட்டக்கம்பு' அம்மாவின் கைக்கு அகப்பட்டது. ஓங்கிச் சித்தியின் வாயில் அடித்தாள், பல்லும் இரத்தமும் கொழுந்தில் தெறித்தன. விழுந்துகொண்டே சித்தி தோட்டைப் பிடித்து இழுக்க, அம்மாவின் காது இரண்டாகக் கிழிந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் விலக்கவில்லை. இருவரும் தொலைந்தால் அந்த நிரை தனக்குக் கிடைக்காதா என்று ஒவ்வொருத்தியும் பார்த்து நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

சண்டை போட்டதற்காக அன்று மாலையே சித்தியின் பேரையும் வெட்டினார்கள். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற," என்றார் கிழட்டுக் கங்காணி.

இப்போது காமன்ட் கட்டடத்தில் கூரைத் தகரம்கூட இல்லை. தோட்டத்துத் தேயிலை ஆலையும் மூடிக் கிடக்கிறது. அந்த நிரை ஆளுயரம் தாண்டிக் காடாகிவிட்டது; யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம், கேட்க ஆளில்லை. அம்மாவும் சித்தியும் அங்கேதான் விறகு வெட்டுகிறார்கள், ஆளுக்கொரு முனையில், இன்னும் பேசிக்கொள்ளாமல்.