தேஜு–தூத்துக்குடி: நாலே மணி நேரம்

டிக்கெட் கவுன்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்துவிட்டேன். வாயை விட்டு வசமாக மாட்டிக்கொண்டது ஒரே தடவைதான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன்.

எங்கள் டிராவல் ஆபீஸ் மும்பை கிங்ஸ் சர்க்கிளில் இருக்கிறது. தாராவியில் லெதர் பேக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் செல்லத்துரை அண்ணாச்சி ஒரு நாள் காலையில் போனும் கையுமாக வந்தார். அவர் மகள் செல்விக்கு அருணாச்சலப் பிரதேசத்தில் தேஜு என்ற சின்ன ஊரில் பேங்க் வேலை. அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீடு தூத்துக்குடி.

"ரொம்ப தூரம்னா பொண்ணு வேலைய விட்டுரணும்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லுதாவ. எத்தன மணி நேரம்னு பாரும்மா. லைன்லதான் இருக்காவ."

மாப்பிள்ளைக்கோ கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் எந்தக் கடலில் இருப்பாரோ! ஆனால் பெண்ணின் ஊர்தான் தூரமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு வெப்சைட்டில் இரண்டு ஏர்போர்ட் பெயரையும் தட்டினேன். 2,860 கிலோமீட்டர், ஃபிளைட் டைம் நாலு மணி நேரம்.

"நாலு மணி நேரம் அண்ணாச்சி."

"நாலே மணி நேரம் மதினி!" என்று அவர் போனில் கத்தினார். "மெட்ராசுக்கு ரயில்ல போற நேரத்துல பாதிகூட இல்ல!"

நிபந்தனை போயே போய்விட்டது. தூத்துக்குடியில் நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அதன் பிறகுதான் செல்விக்கு டிக்கெட் போட உட்கார்ந்தேன். டைரக்ட் ஃபிளைட்டே கிடையாது! அந்த வெப்சைட் இரண்டு ஊருக்கும் நடுவே நேராகக் கோடு போட்டு நேரத்தைக் கணக்குப் பண்ணியிருக்கிறது. உண்மையில் நாலு விமானம் ஏறி இறங்க வேண்டும். நடுவில் கவுகாத்தியில் ஓர் இரவு தங்க வேண்டும்.

அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "கலியாணத்துக்கு ஸ்பெஷல் பஸ் புடிக்கோம்லா, அது மாதிரி ஒரு பிளேன் கேட்டுப் பாரேன்."

ஸ்பீக்கரில் செல்வியைக் கூப்பிட்டோம். அவளுக்கு ஒரே நாள்தான் லீவு.

"நாலு மணி நேரம்னு நீங்கதானப்பா சொன்னிய? அப்ப அவங்களையே இங்க வரச் சொல்லுங்க."

அண்ணாச்சி சம்பந்தியிடம், "நாலு மணி நேரந்தான், கொஞ்சம் நின்னு நின்னு போகும்" என்று சொல்லிவைத்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேருக்கு டிக்கெட் போட்டேன். முழு விவரத்தையும் இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து அனுப்பினேன். யாரும் படிக்கவில்லை.

சென்னையில் இறங்கியதும் மாப்பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தார். "வந்துட்டமா?" கொல்கத்தாவில் இறங்கியும் அதையே கேட்டார். கவுகாத்தியிலிருந்து போனே வரவில்லை. அந்த அம்மா அங்கே போய்க் கோபத்தில் வேலையை விட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டால், ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்தது என் வாய்தான். முதலில் ஃபிளைட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் மணிக்கணக்கு சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு உறைத்தது.

மறுநாள் மத்தியானம் செல்வியே கூப்பிட்டாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா தேஜுவில் விமானத்தை விட்டு இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"நீ வேலைய விட வேண்டாம் தாயி. விட்டா ஒன் சாமானத் தூக்க நாங்கள்லா மறுபடியும் வரணும்!"