வாயில் குண்டூசி

‘ரேடியோ’ என்ற பேரைத் தையல்காரி முதலில் கேட்டது பள்ளிக்கூட வாசலில். “ரேடியோவோட அம்மா வந்தாச்சு!” என்று பிள்ளைகள் கத்தின. யார் பெற்ற பிள்ளையோ என்று இவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகுதான் தன் மகளைச் சொல்கிறார்கள் என்று தெரிந்தது.

பொருத்தமான பேர்தான். ஒன்பது வயதிலேயே பெரிய மனுஷி பேச்சு. ஒருமுறை கேட்டது மறக்காது. ஆனால் செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவாள். கழிப்பறைக்குப் போனால் திரும்பும்போது வேறு வகுப்பில் போய் உட்காருவாள். ஆசிரியை முறைத்தால், கோபம் என்று புரியாமல், “கண்ணு வலிக்குதா டீச்சர்?” என்பாள்.

“இவ்வளவு வாய் பேசுறவளுக்கு ஒரு முக்கோணம் வரைய வராதா? திமிரு,” என்றார் தலைமையாசிரியை. “டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒண்ணுமில்லைன்னா டி.சி.யை வாங்கிட்டுப் போங்க.”

நாத்தனார் சும்மா இருப்பாளா? “தையல்காரி மகளுக்குப் பொத்தான் போடத் தெரியலையாம். ஊர் வாயால சிரிக்காது அண்ணி.”

குழந்தைகள் மனநல டாக்டரம்மா பல நாள் வரவழைத்துச் சோதித்தார். வார்த்தைக் கேள்விகளுக்கெல்லாம் மகள் டாண் டாண் என்று பதில் சொன்னாள். டாக்டரம்மாவையே இரண்டு கேள்வி கேட்டாள். படத்தைப் பார்த்துக் கட்டைகளை அடுக்கச் சொன்னபோது, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். தையல்காரிக்குக் கை துறுதுறுத்தது.

“நடிக்கிறா டாக்டர்.”

“இல்லம்மா. பார்த்து அடுக்கறது, வழி கண்டுபிடிக்கறது, முகத்தைப் படிக்கறது, இதெல்லாம் இவளுக்குச் சுலபமா வராது. வாய்ச்சொல் சாராத கற்றல் குறைபாடும்பாங்க.”

“வாய்ல குறையே இல்லையே!”

“அதைத்தான் சொல்றேன். வீட்டுல எப்படிக் கத்துத் தர்றீங்க?”

“செஞ்சு காட்டுவேன். வாய்ல குண்டூசி கவ்வியிருப்பேன், எப்படிப் பேசறது?”

“ஊசியை எடுத்துட்டு, ஒவ்வொண்ணா சொல்லுங்க. அவ அதைப் பிடிச்சுக்குவா.”

பள்ளிக்கும் இதையே எழுதிக் கொடுத்தார். டி.சி. பேச்சு நின்றது. குண்டூசிகள் பஞ்சுத் திண்டுக்குப் போயின. “அடிப் பொத்தான்லேருந்து ஆரம்பி. அடி ஓட்டைல விடு. ஒண்ணு மேல போ.” மகள் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே போட்டாள். வாரக்கணக்கில் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நாத்தனார் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

இப்போது ரேடியோ பேருந்து நிலையத்து விசாரணை ஜன்னலில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம், “மருந்துக்கடை தாண்டி இடது, பச்சைக் கதவு,” என்று முணுமுணுத்தபடி நடந்து வீட்டுக்கு வந்துவிடுகிறாள்.