சித்தப்பாவின் விரதம்

சாயங்காலம் ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம். எட்டு மாதம் என் சித்தப்பாவுக்கு எங்கள் வீட்டில் அவ்வளவுதான் ஆகாரம். அதையும் பாதி நாள் அப்படியே வைத்துவிட்டுப் போவார். பாலில் ஆடை படிந்து கிடக்கும். அம்மா அதைக் கொட்டமாட்டாள். விரதக்காரர் தொட்டு வைத்தது என்று எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பாள். பாலாடை என்றாலே எனக்குக் குமட்டும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிடுவேன். சும்மா வருகிற புண்ணியம் யாருக்குத்தான் கசக்கும்?

ஆர்.கே.புரத்தில் அப்பாவுக்கு ஒதுக்கியிருந்த சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா. அவருடைய கடைசித் தம்பிதான் சித்தப்பா. திருச்செந்தூர் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து எங்களோடு தங்கி, ஒரு காண்டிராக்டரிடம் கிரேன் ஓட்டினார். எண்பதுகளின் தொடக்கம். விளையாட்டுப் போட்டிகளுக்காக டில்லியையே தோண்டிப் போட்டிருந்தார்கள். திரும்பின பக்கமெல்லாம் மேம்பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. கெடு நெருங்க நெருங்க, ஒரு ஷிப்ட் இரண்டாயிற்று. இரண்டையும் ஒற்றை ஆளாக ஓட்டுகிறார் என்று சித்தப்பாவுக்குப் பெயர் வந்தது. மேஸ்திரி தோளில் தட்டி "ஷேர்" என்றாராம். சிங்கமாம். அதை எங்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுக்கவே இல்லை.

அந்த ஐப்பசியில் சஷ்டி விரதம் இருந்தார். விரதம் முடிந்த அன்று அம்மா அவியலும் பாயசமுமாக இலை போட்டாள். சித்தப்பா இலைமுன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்தார்.

"வேண்டாம் மைனி. சாப்பாட்டுல மனசு போகல. முருகன் விடமாட்டேங்கான். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்துக்கிடுதேன்."

அம்மாவுக்கு மேனி சிலிர்த்துப்போயிற்று. குடித்துவிட்டு வந்து வாசலில் விழும் கொழுந்தன்மார்களைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம்கூட, தெரிந்த அரைகுறை இந்தியில் விரதப் பெருமையைச் சொன்னாள். எங்கள் பேட்டையிலிருந்த முருகனின் மலைக்கோயில் படிகளைச் சித்தப்பா தாவித் தாவி ஏறுவார். பின்னால் மூச்சிரைக்க வரும் நம் தமிழ்ப் பெண்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள், திருநீறு கேட்பார்கள். அவரும் பூசிவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க் கணக்காகிவிடும்.

கன்னம் ஒட்டிப்போயிற்று. பேன்ட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டார். சும்மா இருக்கும்போதும் பல்லை நறநறவென்று கடித்தார். தூக்கம் என்பதே இல்லை. இரண்டு ஷிப்ட் முடித்து வந்த கையோடு மின்விசிறியைக் கழற்றித் துடைப்பார், பாதியில் விட்டுவிட்டு ரேடியோவைப் பிரிப்பார். தோலுக்கடியில் என்னவோ ஊர்கிறது என்று முழங்கையைச் சொறிந்து புண்ணாக்கினார். தம்பி சத்தமாகச் சிரித்தான் என்று ஒருநாள் டம்ளரைத் தூக்கி அவன்மேல் எறிந்தார். அன்றைக்கும் அம்மா எங்களைத்தான் அதட்டினாள். "விரதம் இருக்கவியளுக்கு உடம்புல சூடு ஏறத்தான் செய்யும். நீங்கதான் சத்தம் காட்டாம கெடக்கணும்." டாக்டரிடம் காட்டலாமா என்று அப்பா ஒரு தடவை கேட்டார். "சாமி காரியத்துல டாக்டரா?" என்றாள் அம்மா. அப்பா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

கிரேனில் இருப்பவர் தூக்கிய சுமையைப் பார்க்கக் கூடாது, கீழே நின்று சைகை காட்டுபவரின் கையைத்தான் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அந்தக் கை முஷ்டியாக மூடினால் அப்படியே நிறுத்திவிட வேண்டும். அவருக்குக் கை காட்டியவர் ஒரு ராஜஸ்தான்காரர். மஞ்சள் தலைப்பாகை. ஒருமுறை வீட்டுக்கு வந்து, அம்மாவின் இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தவர். ஜூன் மாதம், அனல்காற்று அடித்த ஒரு பகலில், இரும்புக்கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் கிடந்த பலகையை எடுப்பதற்காக அவர் முஷ்டியைக் காட்டிவிட்டுக் குனிந்தார். சித்தப்பா கம்பிக்கட்டை இறக்கினார். மனிதர் அங்கேயே முடிந்துபோனார். கை விரிந்ததைத்தான் பார்த்தேன் என்று சித்தப்பா கடைசிவரை சொன்னார். பார்த்திருப்பார். அந்தக் கண்கள் அப்போது இல்லாததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன.

சித்தப்பாவும் கிரேனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், என்ன சாப்பிடுகிறார் என்று அம்மாவிடம் இந்தியில் விசாரித்தார். விரதம் என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அவள் குரலில் பெருமை இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டார். "ஆட் மஹீனே." எட்டு மாதம். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "பஹன்ஜி, எட்டு மாதம் பசிக்காமல் இருப்பது விரதம் இல்லை, வியாதி" என்றார்.

கூட வேலை பார்த்தவர் ஒருவர் மிச்சத்தைச் சொன்னார். லாரி டிரைவர்கள் தூக்கம் வராமலிருக்கப் போடும் வெள்ளை மாத்திரை. இரண்டாம் ஷிப்டுக்கு டீயோடு அதை முதலில் கொடுத்ததே மேஸ்திரிதான். பிறகு மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைத்தது. தூக்கத்தோடு பசியையும் சேர்த்துக் கொல்லும் மாத்திரை. ஒன்றில் தொடங்கி உள்ளங்கை நிறைய என்று ஆகியிருந்தது.

இறந்தவர்மேலேயே பழியைப் போட்டு விபத்து என்று முடித்துவிட்டார்கள். மாத்திரை நின்றதும் சித்தப்பா நாள்கணக்கில் பிணம்போலத் தூங்கினார். விழித்தபோதெல்லாம் சுவரைப் பார்த்து அழுதார். இதயம் பலவீனமாகிவிட்டது, கை நடுக்கம் நிற்கவே இல்லை. ஒருநாள் அம்மா ரசம்சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஒரு நாளாவது 'தின்னு தொலைலே'ன்னு என்னய ஏசியிருக்கலாம்லா மைனி?"

அம்மா மிச்சச் சோற்றையும் ஊட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

சில வருடங்களில் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. மாத்திரை கொடுத்தவன் இருந்தான், விற்றவன் இருந்தான், ஒரே ஆளை இரண்டு ஷிப்ட் ஏற்றி உட்கார வைத்தவன் இருந்தான், விழுங்கிய வாய் அவருடையது. இத்தனை பேரையும் விட்டுவிட்டு, பாலும் பழமும் வைத்தவள் தலையில் இறக்கிவிட்டுப் போனார்.

அம்மா இப்போது மயூர் விஹாரில் என்னோடு இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது. நேற்றுத் தம்பி மனைவியின் பெயர் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. பகலில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவள் திடீரென்று சொல்கிறாள்:

"ஏசியிருக்கணும்ட்டி. நான் ஏசியிருந்தா அந்தத் தலப்பாக்காரரு இருந்திருப்பாரு."

உன்மேல் தப்பில்லை என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன். ஆனால் நீ ஏசியிருந்தாலும் அந்தத் தலைப்பாகைக்காரர் இருந்திருக்கமாட்டார் என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்ததில்லை.