திருத்தணியில் தோற்ற கதை சொல்லும் வைத்தியர்கள்

இமயமலை ஏறியவர்கள் இருக்கிறார்கள். ஏழு கடல் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். ஒரு குடை, ஒரு தூக்கு எலுமிச்சஞ்சாதம் இவை மட்டும் துணையாக, பட்டணத்திலிருந்து திருத்தணி வரை ஐம்பத்தோரு மைலை மூன்றாம் வகுப்பில் ஒற்றைக் காலில் நின்றபடி கடந்து, உயிரோடு திரும்பியும் வந்தவன் அடியேன் ஒருவன்தான். இன்னொரு கால் வைக்க இடமிருந்தது; அதில் ஒருவர் பலாப்பழம் வைத்திருந்தார்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகள் கோமதியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவள் புருஷன் வேதாசலம் பட்டணத்தில் நாட்டு வைத்தியப் பள்ளியில் மூன்று வருஷம் படித்துப் பாஸ் செய்து, திருத்தணி மலையடிவாரத்தில் வைத்தியசாலை திறந்து எட்டு மாதமாகிறது. வருகிற நோயாளி ஒரு முறை வருகிறான், மறுமுறை வருவதில்லை. "உன் சிநேகிதரிடம் சொல்லி இவருக்கு ஒரு குமாஸ்தா வேலை பார், மாமா" என்று எழுதியிருந்தாள். உலகச் சண்டை முடிந்து ஒரு வருஷமாகியும் அரிசிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்குக் கார்டு என்று வாழ்கிறோமல்லவா, அந்தக் கார்டுகளை எழுதுகிற ஆபீசில் என் சிநேகிதர் ஒருவர் சர்வ வல்லமையோடு வீற்றிருக்கிறார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் ஆள் வந்து சேர்ந்தால் வேலை நிச்சயம் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாசிக் கிருத்திகைக்கு முந்தின நாள், வியாழக்கிழமை, புறப்பட்டேன்.

பின்னால் வரப்போகிறவர்களுக்காகக் குறித்துக்கொண்டேன்: சென்ட்ரலில் காலை ஆறு இருபதுக்கு வண்டி. அரக்கோணத்தில் அரை மணி நிற்கும்; அங்கே இட்லி வாங்காதீர்கள், அதை வைத்துக் கோட்டைச் சுவர் கட்டலாம். அங்கிருந்து திருத்தணி எட்டு மைல். ரயில் கட்டணம் ஒரு ரூபாய் ஓரணா. ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்கு ஜட்கா நாலணா. குதிரைக்கு என்னைவிட வயது அதிகம் போலிருந்தபடியால் பாதி தூரம் நானும் இறங்கி நடந்தேன். ஜட்காக்காரரிடம் வைத்தியசாலை என்று சொன்னதும், "படிச்ச வைத்தியர் வூடுங்களா? ஆங், தெரியும். நல்ல மனுசன். ஆனா அவரு சொல்ற சாப்பாடு சாப்புடணும்னா ஜமீன்தாரா பொறக்கணுங்க" என்றார். இதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வைத்தியசாலை பளிச்சென்று இருந்தது. சட்டம் போட்ட சர்ட்டிபிகேட், வரிசையாய் ஜாடிகள், பத்து விரலளவு நீளத்தில் ஒரு ஜுரமானி. நோயாளி மட்டும் இல்லை. மாப்பிள்ளை எழுந்து நின்று வரவேற்றார். கடிதத்தைக் காட்டினேன். அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுப் பத்திரமாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை புறப்படலாம் மாமா" என்று சொல்லிவிட்டு, துடைத்த ஜாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். கோமதி அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். வேலை கேட்டு எழுதியவளும் அவள்தான், அன்று சாம்பாரில் உப்புப் போட மறந்தவளும் அவள்தான்.

மறுநாள் கிருத்திகை. மலைக்குப் படிகள் முந்நூற்று அறுபத்தைந்து என்பது கோயில் கணக்கு. மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது என்பது என் முட்டியின் கணக்கு. அதிகாலை ஐந்துக்கு ஏற ஆரம்பித்தால் வெயிலுக்கு முன் தரிசனம் முடியும். நான் காப்பிக்காகக் காத்திருந்து ஏழரைக்கு மாப்பிள்ளையோடு கிளம்பினேன். காவடிகளும் மொட்டைத் தலைகளும் அரோகரா சத்தமுமாய் மேலே போகிறபோது எதுவும் தெரியவில்லை. முருகன் முகத்தைப் பார்த்தபோது, இப்படியே எழுபது மலை ஏறிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. இறங்கும்போதுதான் வலது முட்டி என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. மாப்பிள்ளை தோளில் தொங்கியபடி அடிவாரக் குளத்தங்கரைச் சத்திரம் வரை வந்து, அப்படியே உள்ளே போய்ச் சாய்ந்துவிட்டேன்.

அங்கே பதினொரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வாசலிலேயே தயங்கி நின்றார். இந்தச் சுற்று வட்டாரத்து வைத்தியர்கள் எல்லாரும் கிருத்திகைக்குக் கிருத்திகை தரிசனம் முடித்து இங்கே கூடுவார்களாம். அவருக்கு எட்டு தடவை அழைப்பு வந்திருக்கிறது. எட்டு தடவையும் போகவில்லை. நம் மருந்துகளைத் தெரிந்துகொண்டு நம் நோயாளிகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்தாராம். இல்லாத நோயாளிகளை எப்படிக் கொண்டுபோவார்கள் என்று நான் கேட்கவில்லை. முட்டி வலியில் கேட்க மறந்துவிட்டேன்.

வட்டத்தில் ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டாள். கே.ஜி.கண்டிகை மங்கம்மா. அந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைகளில் பாதி அவள் கையில்தான் முதல் அழுகையை அழுதவை. "இன்னா நைனா, வாசல்ல நின்னுகினு? உள்ள வந்தா கடிச்சிட மாட்டோம்" என்றாள். மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சபைக்கு ஒரு சட்டம் உண்டு. குணமாக்கிய கதையை அங்கே சொல்லக்கூடாது. போன கிருத்திகைக்குப் பிறகு தன் கையில் தேறாமல் போன நோயை மட்டும் ஒவ்வொருவரும் சொல்லவேண்டும். மற்றவர்கள் கேட்பார்கள், குடைவார்கள், சில சமயம் திட்டுவார்கள். மீறி எவராவது ஜெயித்த கதையை எடுத்தால் சபை முழுவதற்கும் காப்பி வாங்கித் தரவேண்டும். இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் சுபாவம் கேட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. தொண்டையைக் கனைத்து, சைதாப்பேட்டையில் பாடையில் வைத்துக் கட்டிய ஒருவனுக்கு என் மாப்பிள்ளை ஒரு சிட்டிகை சூரணம் கொடுத்த வரலாற்றை எடுத்துவிட்டேன். செத்தவன் தும்மி எழுந்து, தூக்க வந்த நாலு பேருக்கும் கூலி கொடுத்து, பாடை மூங்கிலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பந்தல் போட்டான் என்று முடித்தேன். சபை நிசப்தமாக இருந்தது. நான் அதை மெய்சிலிர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சபையை நடத்துகிற ஆர்.கே.பேட்டை முனிரத்தினம் வைத்தியர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "காப்பி பதிமூணு டம்ளருங்க. வெல்லக் காப்பிதான் கெடைக்கும், சக்கர இல்ல."

டம்ளர் ஓரணா வீதம் பதின்மூன்று அணா. இன்னொரு நாலணா இருந்தால் பட்டணத்துக்கே போயிருக்கலாம்.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. காப்பி வந்து, டம்ளர்கள் கைமாறி, சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாக வாயைத் திறந்தார். "அப்படி ஒருத்தரும் இல்லைங்க. மாமா என் மேல இருக்கற பிரியத்துல சொல்லிட்டாரு. என்கிட்ட வந்தவங்க யாருமே திரும்பி வரலை. ஞாயித்துக்கிழமை கடையை மூடிட்டுக் குமாஸ்தா வேலைக்குப் போறேன்."

மங்கம்மா அவரை விடவில்லை. யாருமே என்று சொன்னால் ஆகாது, ஒரு ஆளைச் சொல் என்றாள். அவர் யோசித்து, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு நெசவாளியைப் பற்றிச் சொன்னார். வயிற்றெரிச்சல், சாப்பிட்டால் வலி. நாற்பத்தெட்டு நாள் மருந்து. பத்தியமும் சுத்தமாக எழுதிக் கொடுத்திருக்கிறார்: புளி கூடாது, மிளகாய் கூடாது, பழைய சோறு கூடாது, காலையில் பச்சரிசிக் கஞ்சி, மத்தியானம் நெய் விட்ட சாதம், சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படுக்கை. ஒரு வார மருந்து வாங்கிப் போனவன் வரவே இல்லை. மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டாராம்.

பொதட்டூர்பேட்டை சின்னப்பா, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர், அதுவரை சுவரில் சாய்ந்திருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளு எங்க தெருதாங்க. உங்க மருந்து நல்லா கேட்டுச்சு. ஒரு வாரத்துல எரிச்சல் பாதி கொறஞ்சி போச்சு."

"அப்புறம் ஏன் வரலை?"

"வெக்கந்தாங்க. ரேசன்ல பச்சரிசி ஏது, நெய்யி ஏது? மத்தியானம் படுத்துக்கினா தறிய யாரு ஓட்டறது? பத்தியத்த வுட்டுட்டோம், இனிமே எந்த மூஞ்ச வெச்சிகினு அவராண்ட போறதுன்னு சொல்லிகினு கீறான்."

எட்டு மாதமாகத் தன் மருந்து தோற்றது என்று நினைத்திருந்த மனிதருக்கு, அது ஜெயித்த சேதி பன்னிரண்டு மைல் தாண்டி வந்து சேர இத்தனை நாள் ஆகியிருக்கிறது. கொண்டுவந்து சேர்க்க ஆள் இருந்தும் இவர் வாசலைத் தாண்டவில்லை.

பிறகு கேள்விகள் கிளம்பின. தறிக்காரனுக்குப் பத்தியம் எழுதுவதே தனி என்று முனிரத்தினம் சொன்னார். கேழ்வரகுக் கூழை மோரில் கரைத்துக் கொடுத்தால் போதும், அரிசியை அவன் கண்ணில்கூடக் காட்டவேண்டாம் என்றாள் மங்கம்மா. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்டார். "என் நாத்தனார் வயித்துல கீது, வந்து படிச்சிக்கோ" என்றாள் அவள். மாப்பிள்ளை சிரித்ததை அந்த ஊருக்குப் போன பிறகு அப்போதுதான் பார்த்தேன்.

அடுத்து சின்னப்பா தன் கதையைச் சொன்னார். கால் வீங்கி வந்த ஒரு வண்டிக்காரருக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டியிருக்கிறார். உள்ளே சீழ்க்கட்டி, கட்டு அதை அமுக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிவிட்டார்கள், ஆனால் மனிதர் இன்னும் விந்தி நடக்கிறார். உடம்பில் சூடு இருந்ததா என்று கேட்டது என் மாப்பிள்ளைதான். இருந்தது, அடிபட்ட சூடு என்று நினைத்தேன் என்றார் சின்னப்பா. மாப்பிள்ளை பையிலிருந்து ஜுரமானியை எடுத்து அடிபட்ட சூட்டுக்கும் காய்ச்சலுக்கும் வித்தியாசம் சொல்ல, அது கைக்குக் கை மாறிற்று. அரை மணி நேரத்தில் பதினொரு பேரின் நாக்கடியும் அளக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் கழுவி, மறுபடி கழுவி. மங்கம்மாவுக்கு மட்டும் இரண்டு தடவை, ஏனென்றால் முதல் தடவை அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

கலையும்போது சின்னப்பா ஒரு துணிப்பையை அவிழ்த்தார். லுங்கிக் கரையில் கிழித்த துண்டுகள். ஒவ்வொரு வைத்தியருக்கும் ஒரு நிறம். மங்கம்மாவுக்குச் சிவப்பு, முனிரத்தினத்துக்குப் பச்சை, சின்னப்பாவுக்கு நீலம். தனக்குக் கைவராத நோயாளி வந்தால், யாரிடம் போகவேண்டுமோ அவர் நிறத்தைக் கையில் கட்டி அனுப்புவார்கள். ஒரு முடிச்சு என்றால் ஆற அமரப் பார்க்கலாம். இரண்டு என்றால் இன்றைக்கே. மூன்று என்றால் சாப்பிடுகிற கையைக் கழுவிவிட்டு எழுந்து ஓடு. மஞ்சள் யாருக்கும் போகாமல் இருந்தது. அதில் ஒரு கற்றையை, மாப்பிள்ளையைக் கேட்காமலே, பதினொரு பேரும் பங்கு போட்டு மடியில் முடிந்துகொண்டார்கள். மற்ற நிறங்களில் ஒரு கற்றை மாப்பிள்ளை கைக்கு வந்தது. அவர் அதை ஜுரமானியோடு பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை என் முட்டி பூசணிக்காயாக விளைந்திருந்தது. மாப்பிள்ளை தைலத்தை எடுத்தார், முட்டியை அமுக்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். பிறகு தைலத்தை மூடி வைத்தார்.

"மாமா, இது எனக்குக் கைவராது."

சொந்த மாமனின் முட்டியைப் பார்த்து ஒரு வைத்தியர் இப்படிச் சொல்லலாமா? நான் வாயைத் திறப்பதற்குள் நீலத் துண்டை எடுத்து என் குடைக்காம்பில் கட்டிவிட்டார். ஒரே ஒரு முடிச்சுதான் போட்டார். எனக்குக் குறைந்தது மூன்று போடவேண்டும் என்று வாதாடினேன், நடக்கவில்லை. கதவோரம் நின்ற கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பொதட்டூர்பேட்டைக்கு, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடுகிற பஸ் ஒன்பதேகாலுக்கு. கட்டணம் ஆறணா. கரிப்புகையில் நான் ஏறும்போது இருந்த நிறம் இறங்கும்போது இல்லை. எங்கே போகவேண்டுமென்று சொல்வதற்கு முன்னாலேயே கண்டக்டர் குடையைப் பார்த்து, "நீலமா? சின்னப்பா வூட்டாண்ட எறக்கி வுடறேன், ஒக்காருங்க" என்றார். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கிற தெருவில் வாசலிலேயே நிறுத்தினார். சின்னப்பா கால் மணி நேரம் முட்டியைப் பிடித்து ஏதோ செய்தார். நான் போட்ட சத்தத்தில் தெருவிலுள்ள தறிகள் அத்தனையும் நின்றுவிட்டன. ஆனால் எழுந்து நடந்தேன்.

திரும்பும் பஸ்ஸுக்கு நான் காத்திருந்தபோது, எலும்பெல்லாம் வலிக்கிறது என்று ஒரு இளம் தறிக்காரர் வந்தார். சின்னப்பா கட்டுத் துணியை எடுத்தார். கழுத்தில் கை வைத்தார், கொஞ்சம் யோசித்தார், கட்டுத் துணியைக் கீழே வைத்துவிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் நடுக்குகிறதா என்று கேட்டார். ஆமென்றதும் மஞ்சள் துண்டை எடுத்து அவர் மணிக்கட்டில் இரண்டு முடிச்சுப் போட்டு, என்னோடு பஸ் ஏற்றிவிட்டார்.

அதே கண்டக்டர்தான். மணிக்கட்டைப் பார்த்து, "மஞ்சா இன்னா புச்சா கீது? யாருங்க அது?" என்றார்.

அடியேனுக்குக் கிடைத்த சந்தர்ப்பத்தைப் பாருங்கள். பாடை, தும்மல், பந்தல் எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. "என் மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். புகை கண்ணில் பட்டுவிட்டது.

வைத்தியசாலையில் மாப்பிள்ளை அந்தப் பையனின் நாடியைப் பிடிப்பதற்கு முன், வீட்டில் என்ன சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குத் தறியில் உட்காருகிறாய் என்று கேட்டார். கோமதி என் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை உனக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கோ மாமா" என்றாள். என் சிநேகிதருக்குப் பதில் எழுதிவிட்டேன்: மாப்பிள்ளைக்கு முட்டி வைத்தியம் தெரியாத காரணத்தால் உத்தியோகத்தை ஏற்க இயலவில்லை. அவர் இன்னும் அதன் பொருளை ஆராய்ந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காப்பிக்காகக் காத்திராமல் விடிவதற்குள் படியேறுங்கள். அரிசிக் கார்டைக் கையோடு கொண்டுபோங்கள். கிருத்திகையன்று குளத்தங்கரைச் சத்திரத்தில் ஒரு கூட்டத்தைக் கண்டால் பெருமை பேசாமல் உட்காருங்கள், பதின்மூன்று அணா மிச்சம். இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டால் நேரே அடிவாரத்தில் என் மாப்பிள்ளையிடம் போங்கள். அவர் பார்க்கமாட்டார். அதனால்தான் அவரிடம் போகச் சொல்கிறேன்.